பி சைடு முதல் பாட்டு

மற்றவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது அவர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்கிற திமிர் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. ஓட்டலில் யாராவது என்ன சாப்பிடலாம் என்று யோசித்தால் அவர்களுக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன். என் கணவர் இருபது வருடமாக ஊத்தப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இந்த வியாதி எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கிப் போனால், மாமாவின் கல்யாணத்தில் போய் நிற்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது.

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டியில் வேலை. நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமையானால் காலை பஸ்ஸில் மாமா வந்து இறங்குவார். கையில் டேப் ரெக்கார்டர் இருக்கும். வழியில் தூசி படக்கூடாது என்று அதைத் துண்டால் மூடி, கைக்குழந்தையைக் கொண்டு வருவதுபோல மடியிலேயே வைத்துக் கொண்டு வருவார். அம்மா சமையலறையில் இருந்தபடியே, "அண்ணா, நீ என்னப் பாக்க வாரயா, இல்ல இவளோட பாட்டுக் கேக்க வாரயா?" என்பாள். மாமா சிரித்துக்கொண்டே டேப்பின் மேலிருந்த துண்டை விலக்குவார்.

நாங்கள் கேட்டதெல்லாம் பழைய பாட்டு. அப்போதே பழைய பாட்டு. நான் பிறப்பதற்கும் முன்னால், படங்கள் கறுப்பு வெள்ளையில் ஓடிய காலத்துப் பாட்டுகள். என் வகுப்பில் எல்லாரும் அந்த மாதம் வந்த புதுப் பாட்டைப் பாடிக்கொண்டு திரிவார்கள். நான் மட்டும் இவற்றை முணுமுணுத்துக்கொண்டு இருப்பேன். அதனால் எனக்குக் 'கிழவி' என்று பட்டப்பெயர். பெயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ரசனை இல்லாதவர்கள் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள முடியுமா?

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மாமா ஏதாவது ஒரு பாட்டின் ஆரம்ப இசையை இரண்டு நொடி ஓடவிட்டு நிறுத்துவார். நான் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். அடுத்தது என் முறை. தோற்றவர் கேசட்டைப் பென்சிலில் மாட்டிச் சுற்றிக்கொடுக்க வேண்டும். டேப்பிலேயே திருப்பினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். பெரும்பாலும் மாமாதான் சுற்றிக்கொண்டு இருப்பார். அதுபோக, எங்களுக்குள் வாக்குவாதமும் பலமாக நடக்கும். கூட்டமாகப் பெண்கள் சேர்ந்து 'ஓ ஓ' என்று இழுக்கும் பாட்டு எதுவும் எனக்கு ஆகாது. மாமாவுக்கு அதுதான் உசிர். "உனக்கு ஒண்ணுந் தெரியல அம்மணி" என்று அவரும், "உங்களுக்குத்தான் மாமா தெரியல" என்று நானும் சோறு ஆறும் வரை சண்டை போடுவோம்.

சண்டையே இல்லாத பாட்டு ஒன்று இருந்தது. ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து மாமா பதிவு செய்து வாங்கிய ஒரு கேசட்டின் இரண்டாவது பக்கத்தில் முதலாவதாக வரும். அதற்கு நாங்கள் வைத்த பெயரே 'பி சைடு முதல் பாட்டு'தான். தனியாக ஒரு புல்லாங்குழல் ஆரம்பிக்கும். அது நின்றதும் ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒரு ஆண் குரல், தாளம் எதுவும் இல்லாமல். இரண்டாவது வரியின் நடுவில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் தபேலா வந்து சேரும். அந்த இடத்தில் நானும் மாமாவும் ஒரே நேரத்தில் டிரங்குப் பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். ஒரு இம்மி முன்னால் போனாலும் பின்னால் போனாலும் தப்பு. நாங்கள் தவறியதே இல்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா அந்தப் பாட்டைப் போடுவார். புறப்படும்போது இன்னொரு தடவை போடுவார். இதைவிடப் பிடித்த பாட்டு ஒரு மனிதருக்கு இருக்க முடியாது என்று நான் முடிவு செய்ததில் என்ன தவறு?

மாமாவுக்கு முப்பத்திநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் வந்தால் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்துவிடுவார். அவர் தாலி கட்டுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஏறாத கோயில் இல்லை. கடைசியில் ஒரு நாள் அம்மா சாப்பிடாமல் படுத்து அழுதாள். அடுத்த வாரமே மாமா சரி என்றார். சத்தியமங்கலத்தில் பெண். வாழையும் மல்லிகையும் போடுகிற குடும்பம். பெண்ணுக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம்.

பெண் பார்க்கப் போன அன்று அந்தப் பெரியப்பா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தன வயசு வரைக்கும் மாப்பிள்ள ஒண்டியா இருந்திருக்கறாரு. மனசுல வேற எதாச்சும் இருக்குதுங்களா? நாலு பேரு நாலு விதமாச் சொல்றாங்கொ."

அம்மா பக்கத்தில் நின்ற என்னை இழுத்து என் தலையில் கை வைத்தாள். "என்ற புள்ள மேல சத்தியமாச் சொல்றனுங்க. அப்படி ஒண்ணுமே கெடையாதுங்க."

அதற்கு என் தலை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வைத்த கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது என்பதுதான் நினைவிருக்கிறது.

கல்யாணம் சத்தியமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்கு இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. அண்ணன் பக்கத்தில் கிட்டத்தட்டப் பெண்ணைப்போலவே அலங்கரித்துக்கொண்டு தங்கை உட்கார வேண்டும். அம்மா அந்தப் பெருமையில் தரையில் கால் பாவாமல் திரிந்தாள். அப்பாவைப் பந்தியைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டார்கள். என்னைக் கவனிக்க ஆள் இல்லை. நான் என் வேலையைப் பார்க்க வசதியாகப் போயிற்று.

என் வேலை என்னவென்றால், மாமாவுக்கு ஒரு ஆச்சரியம் கொடுப்பது. மண்டப வாசலில் வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, மைக் செட்டுக்காரர் விடியற்காலையில் இருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு முருகன் பாட்டு, அதன் பிறகு கல்யாணப் பாட்டு. அவற்றில் ஒன்றுகூட மாமாவுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தன் கல்யாணத்தில் தனக்குப் பிடித்த ஒரு பாட்டுக்கூட இல்லாமல் ஒரு மனிதன் தாலி கட்டுவதா? முதல் நாளே மாமாவின் பையில் இருந்து அந்தக் கேசட்டை எடுத்து வைத்திருந்தேன். பி சைடை மேலே வைத்து, பென்சிலால் முழுவதும் சுற்றித் தயார் செய்திருந்தேன்.

மாமா தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு மாலையோடு திரும்பி வரும் நேரம். நான் மைக் செட்டுக்காரரிடம் கேசட்டை நீட்டினேன்.

"இதென்ன அம்மணி?"

"மாமா கேசட்டுங்க. மாப்பிள்ளையோடது. அவரு வாசலுக்கு வரும்போது இந்தப் பாட்டுப் போட்டா ரொம்ப சந்தோசப்படுவாருங்க."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மேலே மாப்பிள்ளையின் பெயர் எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குழந்தை, பட்டுப்பாவாடை கட்டியிருக்கிறது, பொய் சொல்கிற முகமும் இல்லை. டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கேசட்டை மாட்டிக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் விசேஷ வீட்டில் மைக் செட்டில் வரும் பாட்டை யாரும் வெறும் பாட்டாகக் கேட்பதில்லை. யார் உள்ளே வரும்போது எந்தப் பாட்டு ஓடியது என்று பார்ப்பார்கள். சீர்த்தட்டோடு நுழையும்போது ஏமாற்றுக்காரனைப் பற்றிய பாட்டு ஓடியதற்காகத் தட்டைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப்போன பங்காளிகள் உண்டு. ஜாடையாக யாரோ சொல்லிப் போட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு அந்தப் பாட்டு என்றால் புல்லாங்குழல், ஒரு மூச்சு மௌனம், தபேலா வரும் இடம். வார்த்தைகள் எல்லாம் மனப்பாடம். அவை எதையாவது சொல்கின்றன என்பதை மட்டும் நான் யோசித்ததே இல்லை.

அந்தப் பாட்டு சொன்னது இதுதான். நீ வரவேண்டிய வீடு இது, நீ இன்னொருவன் வீட்டுக்குப் போய்விட்டாய், இனி இந்த வீட்டுக்கு யார் வந்து விளக்கேற்றினாலும் எனக்கு இருட்டுத்தான் என்று ஒருவன் புலம்புகிறான்.

மாமா வாசலுக்கு வந்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். பெண்ணின் பெரியப்பா மாலையோடு நின்றார். வேப்பமரத்தின் மேலிருந்து புல்லாங்குழல் ஆரம்பித்தது. மாமாவின் முகம் சந்தோஷத்தில் மலரப்போகிறது என்று நான் எம்பி எம்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தபேலா வரும் இடத்தில் நான் மைக் செட்டுப் பெட்டியின் மேல் சரியாக ஒரு தட்டுத் தட்டினேன். அவர் கை மாலையைப் பிடித்தபடியே இருந்தது.

விளக்கு, இருட்டு என்கிற வரி வந்ததும் ஆரத்தி சுற்றின கைகள் நின்றுவிட்டன. பெரியப்பா கையை உயர்த்த, மைக் செட்டுக்காரர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"ஏனுங்க, இது என்ன பாட்டுங்க?" என்றார் பெரியப்பா. எங்கள் ஆட்கள் அடிதடிக்குப் போனாலும் 'ங்க' போட்டுத்தான் போவார்கள். "யாருங்க போடச் சொன்னது? எங்க புள்ள வந்து வெளக்கேத்தறதுல உங்களுக்கு இஷ்டமில்லைன்னா முன்னமே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று அம்மா ஓடி வந்தாள். இணைச்சீர்ப் பூவெல்லாம் தலையில் இருந்து தொங்கியது. "மாப்பிள்ள ஊட்டுக் கேசட்டுங்க" என்றார் மைக் செட்டுக்காரர், தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள. அதோடு எல்லாம் முடிந்தது. கூட்டத்தில் யாரோ, "நாஞ் சொல்லல?" என்றார்கள். சத்தியம் செய்தது என்ன ஆயிற்று என்று ஒரு குரல் கேட்டது. பெரியப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். அம்மா திரும்பிப் பார்த்தாள்; கேசட்டின் வெற்று டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்துவிட்டாள். அவள் கை ஓங்குவதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் மணப்பெண் அறையில் இருந்து வெளியே வந்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் பெண் அப்படித் தனியாக வாசலுக்கு வரும் வழக்கமே கிடையாது. சடையில் பாதிக்குத்தான் பூ வைத்திருந்தது. என்னைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார், தலை குனிந்து நின்ற மாமாவைப் பார்த்தார்.

"நாந்தானுங்க பெரீப்பா போடச் சொன்னேன்" என்றார். "எனக்கு ரொம்பப் புடிச்ச பாட்டுங்க. பழைய பாட்டு, ராகம் நல்லாருக்குமுன்னு கேட்டேன். வார்த்தையெல்லாம் ஆரு பாக்கறாங்கொ?"

"நீயா சாமி?"

"ஆமாங்க. பாதியில நிறுத்தினா நல்லாவா இருக்குது? முழுசாப் போடச் சொல்லுங்க."

மைக் செட்டுக்காரர் முதலில் இருந்து போட்டார். மண்டபமே நின்று அந்தப் பாட்டைக் கேட்டது. பெண்ணே ஆசைப்பட்டுக் கேட்கும்போது வேறு என்ன செய்வது? ஆரத்தித் தட்டைப் பிடித்திருந்த பெண்களும், துண்டைத் தோளில் மறுபடி போட்டுக்கொண்ட பெரியப்பாவும், காபித் தம்ளரோடு நின்ற சொந்தக்காரர்களும் சாவுச் செய்தி கேட்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு நாலு நிமிஷம் கேட்டார்கள். முடிந்ததும் மேளக்காரர்களைக் கூப்பிட்டார்கள். தாலி கட்டியாயிற்று.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாமாவுக்குப் பிடித்த பாட்டே அத்தைக்கும் பிடித்த பாட்டு! இப்படிப் பொருத்தம் எந்த ஜாதகத்தில் அமையும்? பந்தியில் அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டு உங்க மாமனுக்கு ரொம்பப் புடிக்குமா கண்ணு?"

"உசிருங்கத்தை. தெனமுமே கேப்பாராமுங்க. ஞாயித்துக்கெழமைன்னா ரெண்டு தடவ."

"தெனமுமா?"

"ஆமாங்க. சில நாளு கண்ணுல தண்ணியே வந்துரும், அத்தன புடிக்கும்."

அத்தை என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்தார். அவர் இலையில் இருந்தது அப்படியே இருந்தது. நான் அதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மாமாவுக்கு ரசனை போய்விட்டது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு வருவார். டேப் வரும், கேசட்டுகள் வரும், அந்த ஒன்று மட்டும் வராது. கேட்டால், "எங்கியோ போயிருச்சு அம்மணி" என்பார். அத்தையை நினைத்தால் எனக்கு ரொம்பப் பரிதாபமாக இருந்தது. இவ்வளவு பிடித்த பாட்டை ஒரு மனிதர் இப்படித் தொலைத்துவிடுவதா? அடுத்த தீபாவளிக்கு அப்பாவை நச்சரித்து, ரெக்கார்டிங் கடைக்குப் போய், நானே பட்டியல் எழுதிக் கொடுத்து ஒரு கேசட் பதிவு செய்து வாங்கினேன். பி சைடு முதல் பாட்டு அதேதான். மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய் அத்தையின் கையில் கொடுத்தேன்.

அன்று போட்டோம். புல்லாங்குழல் ஆரம்பித்ததும் மாமா, தண்ணி வருதான்னு பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். தட்டுவதற்கு ஆள் இல்லாமல் நான் முகத்தைத் தொங்கப்போட்டேன். அத்தை கிட்ட வந்து உட்கார்ந்தார். "எங்க தட்டணுங் கண்ணு? எனக்குச் சொல்லு" என்றார். ரெண்டு மூன்று தடவையில் சரியான இடத்தைப் பிடித்துவிட்டார். நான் கல்லூரிக்குப் போகும் வரைக்கும், எந்த விடுமுறைக்குப் போனாலும் நானும் அத்தையும் அந்தப் பாட்டைக் கேட்டுத் தட்டினோம்.

மாமா போய் ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் மேட்டுப்பாளையம் போயிருந்தேன். சாயங்காலக் காபிக்கு அப்புறம் அத்தை, "எதாச்சும் பாட்டுப் போடு கண்ணு, ஊடே வெறிச்சோன்னு கெடக்குது" என்றார். நான் வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. போனில் தேடி அதைப் போட்டேன். புல்லாங்குழல் முடிவதற்குள் அத்தை போனின் மேல் கையை வைத்தார்.

"அது வேண்டாங் கண்ணு."

"ஏனுங்கத்தை? உங்களுக்குப் புடிச்ச பாட்டாச்சே?"

"எனக்கா?" என்று சிரித்தார். "அந்தப் பாட்டையே நான் கல்யாணத்தன்னிக்குத்தான் மொதமொதல்ல கேட்டேன்."

பீரோவைத் திறந்து இரண்டு கேசட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் என் கோழிக்கிறுக்கல். இன்னொன்றில் மாமாவின் உருண்டைக் கையெழுத்து.

"கல்யாணமாகி இந்த ஊட்டுக்கு வந்தன்னிக்கே உங்க மாமன் இத என்ற கையில குடுத்துப்போட்டாரு. 'இது உன்கிட்டயே இருக்கட்டும், நானே கேட்டாலுங் குடுக்காதே'ன்னாரு. சாகற வரைக்கும் கேக்கவே இல்ல."

பிறகு மற்றதைத் தொட்டு, "இது நீ கொண்டாந்தது" என்றார். குரலில் குறை எதுவும் இல்லை.

 மாமா விட்டொழித்த ஒன்றை நான் தீபாவளிப் பரிசாகக் கொண்டுபோய் மறுபடியும் அதே வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். வைத்ததோடு விடாமல், பக்கத்தில் உட்காரவைத்துத் தாளமும் போடச் சொல்லியிருக்கிறேன்.

"அன்னிக்கு ஏனுங்கத்தை அப்படிச் சொன்னீங்க?"

"உங்கம்மா கைய ஓங்குனதப் பாத்தேன். நீ அந்த டப்பாவக் கட்டிப் புடிச்சுட்டு நின்னே. உங்க மாமனும் ஒண்ணும் மறைக்கத் தெரியாம நின்னாரு. மறைக்கத் தெரியாத மனுசன நம்பலாம்னு தோணுச்சு."

"அதுக்கப்பறம் எங்கூட உக்காந்து அத்தன வருசம் கேட்டீங்களே?"

"நீ ஆசையாக் கொண்டாந்தே. வேண்டாம்னு எப்படிக் கண்ணு சொல்றது?"

நான் போனைக் கையில் எடுத்தேன். பிறகு, "உங்களுக்கு எந்தப் பாட்டுங்கத்தை புடிக்கும்?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருடத்தில் இதைக் கேட்க எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. ஆயிரம் பாட்டை இரண்டே நொடியில் கண்டுபிடித்த பெண்ணுக்கு, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால்தான் சில விஷயங்கள் தெரியும் என்பது அதுவரை தெரியவில்லை.

அத்தை வெட்கப்பட்டார். பிறகு இரண்டு வரி பாடிக்காட்டினார். வேகமான, விளையாட்டான ஒரு பாட்டு. நடுவில் கூட்டமாகப் பெண்கள் 'ஓ ஓ' என்று இழுப்பது. நான் கேட்டதே இல்லை. தேடிப் பிடித்துப் போட்டேன். டோலக் வரும் இடத்தில் அத்தை மேசையின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு இடம் தவறிவிட்டது.

"மொதல்ல இருந்து போடு கண்ணு" என்றார்.

போட்டேன். அத்தை கையை மேசைக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, என் கையையே பார்த்துக் காத்திருந்தார். இரண்டாவது தடவையும் நான் தவறவிட்டேன்.